ஹூ ஷூலி

ஹூ ஷூலி (பிறப்பு 1953, பெய்ஜிங்): சீனப் பத்திரிகாசிரியை, கல்வியாளர். ரென்மின் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைக் கலை பயின்று 1982இல் பட்டம் பெற்று, 'தொழிலாளர் தினசரி'யில் பணி தொடங்கிய இவர், 1998இல் 'காய்ஜிங்' என்னும் பொருளாதாரப் பத்திரிகையை ஸ்தாபித்தார். அரசியல் விமர்சனத்துக்கு இடமற்ற தேசத்தில், சந்தைச் சீர்திருத்தத்தின் பயனாக வர்த்தகச் செய்திகளுக்கு ஓரளவு கிடைத்திருந்த அவகாசத்தையே இவர் சத்தியத்தை நாடும் மார்க்கமாக்கிக்கொண்டார். ஜெர்மனிக்குப் பெருமளவு ஏற்றுமதி செய்ததாக யின்குவாங்ஷியா கம்பெனி காட்டிய கணக்கை, தியான்ஜின் சுங்கப் பதிவுகளோடு ஒப்புநோக்கி, அது புனைவே என்று 2001இல் அப்பத்திரிகை ருசுப்படுத்தியது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோதும் உண்மைகளைத் துணிவுடன் வெளியிட்டது.

நிர்வாகத்தோடு கருத்து மாறுபட்டு 2009இல் விலகிய இவர், 'காய்ஷின்' நிறுவனத்தைத் தொடங்கியதுடன், சுன் யாட்சென் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கல்விப் பிரிவின் தலைமையையும் ஏற்றார். 2014இல் மகசேசே விருது பெற்றார். 2020இல் வூஹான் தொற்றைப் பற்றிக் காய்ஷின் நிருபர்கள் எழுதியவை பெரிதும் போற்றப்பட்டன. ஆயினும் மறு ஆண்டே, பிற இணையதளங்கள் எடுத்து வெளியிடலாமென அரசு அனுமதித்த செய்தி ஸ்தாபனங்களின் பட்டியலிலிருந்து காய்ஷின் நீக்கப்பட்டது. சீனத்தில் பத்திரிகைச் சுதந்திரம் படிப்படியாக விரிந்ததையும் பின்னர் சுருங்கியதையும் ஒருங்கே உணர்த்துவது இவரது சரித்திரம்.