வீட்டுச் சமையலில் முடிந்த உலக சாதனை

1932 யூன் 2. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலே மழை பெய்து, வயலில் இறங்க முடியாத நாள். தந்தையை இழந்து குடும்பத்தைச் சுமந்த ஜோர்ஜ் பெரி என்ற இளம் விவசாயி, நண்பரொருவருடன் மொன்ற்கோமரி ஏரிக்கு மீன்பிடிக்கச் சென்றார். பொருளாதாரப் பெருமந்த காலம் அது. அவர்களிடம் இருந்தது மரத்தாற் செய்த ஒரேயொரு போலி இரைமீன்.

பெருவாய்ப் பாஸ் மீன், நீரில் மூழ்கிய மரக்கட்டைகளின் ஓரம் பதுங்கியிருந்து பாய்வது. ஆகவே கட்டைகளுக்கு அருகே இரையை எறிந்து, காயமுற்ற சிறுமீனைப்போல் அசைத்து இழுக்க வேண்டும். கட்டையில் முள் சிக்கினால் இரையே போய்விடும். அன்று பெரி இழுத்தபோது எதுவும் அசையவில்லை. கட்டையில் மாட்டிவிட்டதென்றே எண்ணினார். பின்னர் ‘கட்டை’ நகர்ந்தது.

நிறை 22 இறாத்தல் 4 அவுன்ஸ். நிறுத்துப் பதிவுசெய்தபின் வீட்டார் அதனைச் சமைத்து உண்டனர். மீன் எஞ்சாமையால் பின்னாளில் ஐயுற்றோர் பலர். ஆதாரம் கேட்டே பழகிய பத்திரிகைக்காரனாகிய எனக்கு அந்த ஐயம் விளங்குகின்றது. வறுமைப்பட்ட வீட்டில் மீனைப் பாடம்பண்ணி வைத்திருக்க வேண்டுமென்ற எதிர்பார்ப்புத்தான் விளங்கவில்லை.

2009 யூலை 2 இல் யப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா உயிருள்ள சிறுமீனை இரையாக்கிப் பிடித்த பாஸ், 22 இறாத்தல் 4.97 அவுன்ஸ். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது மிஞ்ச வேண்டுமென்பது விதி. எனவே 2010 இல் இரண்டும் சமமென அறிவிக்கப்பட்டன.