ஏழைகளின் மெருகு: வெட்டி ஒட்டும் கலையின் கதை



போன வாரம் எங்கள் பாடசாலையில் உம்மாமாருக்கு ஒரு கைவினைச் செயலமர்வு வைத்தோம். பழைய கல்யாணக் கார்ட்டுகளில் இருந்த பூக்களை வெட்டி, வெறும் பிஸ்கட் டின்களில் ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினோம். இதற்குப் பெயர் டெகூபாஜ். 'வெட்டி எடுத்தல்' என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது.

"இது வெள்ளைக்காரப் பொம்புளைகள்ட பொழுதுபோக்குத்தானே டீச்சர்?" என்று ஒரு உம்மா கேட்டார். அன்று அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்.

சீனா, ஜப்பானில் இருந்து மெருகு பூசிய பெட்டிகளும் அலுமாரிகளும் ஐரோப்பாவுக்குப் போயின. அவற்றின் விலை சாதாரண ஆட்களுக்கு எட்டாது. 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துத் தச்சர்கள் ஒரு வழி கண்டார்கள். அச்சடித்த படங்களுக்கு நிறம் தீட்டி, வெட்டி, மரத்தில் ஒட்டி, படத்தின் விளிம்பு கைக்குத் தட்டாத வரைக்கும் வார்னிஷை மேல் மேலாகப் பூசினார்கள். அதை 'லாக்கா பொவேரா', அதாவது ஏழை மெருகு என்றார்கள். இதற்கென்றே படத்தாள்கள் அச்சடித்து விற்றது, பக்கத்து ஊரான பஸ்ஸானோவின் ரெமொந்தீனி அச்சகம்.

ஆனால் கடதாசி வெட்டும் கலை அதற்கு முன்பே நம்மவர்களிடம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள ஹெராத் நகரத்தில், எழுத்தணிக் கலைஞர்கள் மையால் எழுதுவதற்குப் பதிலாக எழுத்துகளையே கடதாசியில் வெட்டி, வேறு நிறத் தாளில் ஒட்டினார்கள். சுல்தான் ஹுசைன் பைக்கராவின் கவிதைகள் இப்படி ஒட்டப்பட்ட பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. உஸ்மானியர்கள் இக்கலையை 'கத்இ' என்றார்கள். 'வெட்டு' என்ற கருத்துள்ள அரபுச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. புர்சா நகரத்து ஃபக்ரி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடதாசியில் பூந்தோட்டங்களையே வெட்டிப் பேர் பெற்றவர்.

செயலமர்வில் பிஸ்மில்லாஹ் அச்சிட்ட பகுதியைக் கத்தரிக்கோல் படாமல் எடுத்து வைத்த உம்மாவைப் பார்த்ததும் ஹெராத்தின் கலைஞர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் எழுத்தை வெட்டியதும் அதே மரியாதையோடுதான்.

அறுபது தாண்டிய இன்னொரு உம்மா, "கை நடுங்குது, இந்த வயசில எனக்குச் சரிவராது" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டார். அவருக்கு மேரி டெலனியின் கதையைச் சொன்னோம். இங்கிலாந்தில் 1700இல் பிறந்த அந்தப் பெண், கணவரை இழந்த பின், 72 வயதில்தான் கடதாசிப் பூக்கள் வெட்டத் தொடங்கினார். பத்து வருடத்தில், பார்வை மங்கும் வரை, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்களைச் செய்தார். அவை இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

உம்மா திரும்பவும் கத்தரிக்கோலை எடுத்தார். அவர் செய்த டின்னில் ஒரு ரோசாப்பூ கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கிறது. எங்கள் ஆசிரியர் அறைச் சீனி இப்போது அதில்தான்.

கைவேலை, படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு என்று நம் ஊரில் சொல்கிறோம். ஆசிரியர்களான நாங்களும் அப்படிச் சொல்லியிருக்கிறோம். ஹெராத்தில் அதைச் செய்தவர்கள் நன்கு படித்தவர்கள். இனி அப்படிச் சொல்லாதிருப்போம், இன்ஷா அல்லாஹ்.