இதயத்தின் நரம்புவழிக் கட்டுப்பாடு

இதயத்துடிப்பின் வேகத்தையும் இரத்தக் குழாய்களின் இறுக்கத்தையும் தன்னியக்க நரம்பு மண்டலம் நொடிக்கு நொடி திருத்தி, மூளைக்குப் போகும் இரத்தம் குறையாமல் காக்கும் ஏற்பாடு. இதயம் துடிக்க நரம்பு தேவையில்லை. வலது மேலறையில் உள்ள கணு தானாகவே மின்தூண்டலை உண்டாக்குகிறது. நரம்புகளின் பிடியை மருந்தால் நீக்கிவிட்டால், இளைஞர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70 அளவில் நிற்பதற்குக் காரணம் வேகஸ் நரம்பு இடைவிடாது இடும் தடையே. விரட்டுவதைவிட அடக்குவதே இங்கு நரம்பின் முதன்மையான பணி.

இந்த உண்மை எளிதில் ஏற்கப்படவில்லை. நரம்பைத் தூண்டினால் உறுப்பு வேலை செய்யும் என்றே அறிஞர்கள் நம்பிவந்தனர். வேகஸைத் தூண்டினால் இதயம் நின்றுவிடுகிறது என 1845இல் ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள் காட்டியபோது அந்த நம்பிக்கை குலைந்தது. 1866இல் லைப்சிக் நகரில் கார்ல் லுட்விக்கும் சியோனும் முயலின் கழுத்தில் வேகஸை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்பு ஒன்றை வெட்டினர். இதயத்தின் பக்கம் இருந்த முனையைத் தூண்டியபோது எதுவும் நிகழவில்லை. மூளையின் பக்கம் இருந்த முனையைத் தூண்டியதும் இரத்த அழுத்தம் சரிந்தது, துடிப்பும் தளர்ந்தது. மூளை ஆணையிடுவதோடு நில்லாமல் கீழிருந்து செய்தியும் பெறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த நரம்பு இதயத்திலிருந்து புறப்படுவதாக இருவரும் கருதினர். அது பெருந்தமனி வளைவிலிருந்து வருவது பின்னர் தெரியவந்தது.

1921இல் ஆட்டோ லோவி, வேகஸ் தூண்டப்பட்ட தவளை இதயத்தைச் சூழ்ந்த திரவத்தை இன்னொரு தவளையின் இதயத்துக்குச் செலுத்தினார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. கழுத்தை அழுத்தினால் நாடி தளர்வது வேகஸ் நசுங்குவதால் அன்று, கழுத்துத் தமனி பிரியும் இடத்தின் சுவர் விரிவதால்தான் என்பதை 1920களில் ஹெரிங் கண்டறிந்தார். இந்தியரான அவதார் சிங் பெய்ந்தல் 1950களில், இதய மேலறைகள் இரத்தத்தால் நிரம்பும் அளவை அறிவிக்கும் ஏற்பிகளை ஆராய்ந்து புகழ்பெற்றார்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் உடலின் கீழ்ப்பகுதியில் தேங்குகிறது. கழுத்துத் தமனியின் சுவர் தளர, ஒன்பதாம் மூளை நரம்பு வழியே முகுளத்துக்குச் செல்லும் நரம்புத் தூண்டல்கள் குறைகின்றன. உடனே வேகஸ் பிடியை விட, அடுத்த ஓரிரு துடிப்புகளிலேயே இதயம் விரைகிறது. தன்னியக்க மண்டலத்தின் மற்றொரு பிரிவான பரிவு நரம்புகள் நார்அட்ரினலினைச் சுரந்து குழாய்களை இறுக்குவதற்குச் சில நொடிகள் கூடுதலாக ஆகும். முதியோரிடமும், நரம்பு பழுதுற்ற நீரிழிவு நோயாளிகளிடமும் இச்செயல் மந்தமாகி, எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வரலாம். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 மி.மீ. பாதரச அளவோ அதற்கு மேலோ குறைந்தால் மருத்துவர்கள் அதை நோய்க்குறியாகக் கொள்கின்றனர்.

அழுத்தம் நாட்கணக்கில் உயர்ந்தே இருந்தால் தமனிச் சுவரின் அழுத்த ஏற்பிகள் அந்த அளவுக்குப் பழகிவிடுகின்றன. நீண்டகாலச் சராசரியை நிர்ணயிப்பது சிறுநீரகமே. உயர் இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரகத் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகளைக் கருக்கும் சிகிச்சைக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.