அரியூர் நாட்டு வானில் நாவிக்: ஏற்பியின் நோக்கில் ஒரு வரலாறு

இந்திய வழிகாட்டுச் செயற்கைக்கோள்களின் வரலாறு பெரும்பாலும் ஏவூர்திகளின் வரலாறாகவே எழுதப்பட்டுவருகிறது. தரையிலுள்ள ஏற்பியின் பக்கம் நின்று நோக்கினால் வேறொரு சித்திரம் புலப்படும். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றான அரியூர் நாடு அந்நோக்கிற்குத் தக்கதோர் இடம்.

செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞை தரையை அடையும்போது ஏற்பியின் வெப்ப இரைச்சலைவிடப் பல பத்து மடங்கு நலிந்திருக்கும். அதனை மீட்கத் துணைநிற்பது பரவல் நிறமாலை நுட்பம். 1967இல் இராபர்ட் கோல்டு வகுத்த குறித்தொடர்களையே ஜிபிஎஸ் பொதுச்சேவையும் பின்னர் நாவிக்கும் மேற்கொண்டன. 1023 துணுக்குகள் கொண்ட தொடர் 1 மில்லிநொடிக்கு ஒருமுறை மீள்கிறது. ஏற்பி அதே தொடரைத் தன்னுள் உருவாக்கிச் சிறிது சிறிதாக நகர்த்தி, வந்த அலையுடன் பெருக்கிக் கூட்டுகிறது. இரண்டும் பொருந்தும் இடத்தில் இரைச்சலோடு ஒப்பிடச் சமிக்ஞை ஏறத்தாழ 1000 மடங்கு மேலெழுகிறது. டாப்ளர் பெயர்ச்சியின் காரணமாக இத்தேடலைக் காலம், அலைவெண் ஆகிய இரண்டிலும் நிகழ்த்த வேண்டியுள்ளது.

தென்னிந்தியாவுக்கே உரிய இடர் அயனி மண்டலம். காந்த நடுக்கோடு இப்பகுதிக்கு அண்மையில் செல்வதால், கதிரவன் மறைந்தபின் சமிக்ஞை மினுக்குற்று ஏற்பியின் பிடி நழுவுவதுண்டு. 2006இல் ஒப்புதல் பெற்ற இந்தியத் திட்டம் 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவெண்களைத் தேர்ந்தது. அயனி மண்டலத் தாமதம் அலைவெண்ணின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் அமைவதால், முன்னதன் தாமதம் பின்னதைப்போல் சுமார் 4.5 மடங்கு. அவ்வேறுபாட்டைக்கொண்டு ஏற்பி தாமதத்தைத் தானே கணித்து நீக்கிக்கொள்ளும். மினுக்கத்தை இம்முறை போக்குவதில்லை.

மலைப்பள்ளத்தில் கோணமே முதன்மையானது. கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நிற்கும் புவிநிலைக்கோள் அரியூர் நாட்டில் 75 பாகைக்கும் மேலான உயரத்தில் தோன்றும். 130 பாகையை ஒட்டியதோ சுமார் 30 பாகை உயரத்திலேயே. சரிவும் சோலையும் இதனை எளிதில் மறைத்துவிடும். இடத்தையும் நேரத்தையும் கணிக்க நான்கு கோள்கள் தேவை என்பதால், ஏழே கோள்களுக்கெனத் திட்டமிட்ட அமைப்பில் ஒன்றன் இழப்பும் இங்குப் பெரிது. 2013இல் ஏவப்பட்ட முதற்கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் பின்னர்ப் பழுதுற்றதை இவ்வகையில்தான் மதிப்பிட வேண்டும். கடிகாரம் பிழைத்த கோளின் சமிக்ஞை வந்தாலும் தொலைவைக் கணிக்க அது பயன்படாது.

மற்றொரு தடை அன்றாடப் பயன்பாட்டைச் சார்ந்தது. எளிய ஏற்பிகள் பெரும்பாலும் 1575.42 மெகாஹெர்ட்ஸை மட்டுமே கேட்டன. நாவிக் அதில் ஒலிபரப்பவில்லை. 2023 மே 29இல் ஏவப்பட்ட என்விஎஸ்-01 அவ்வலைவெண்ணையும் உள்நாட்டு ருபிடியம் கடிகாரத்தையும் ஏந்திச் சென்றது. 2025 சனவரி 29இல் புறப்பட்ட என்விஎஸ்-02 உத்தேசித்த சுற்றுப்பாதையை எட்டவில்லை.