பி உயிரணுவின் அடையாளம்

இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் நிணவணுக்கள் என்று ஒரு வகுப்பு உண்டு. நுண்பெருக்காடியில் நோக்கினால் அவை யாவும் ஒரே அச்சில் வார்த்த காசுகள் போலவே தோன்றும். ஆயினும் தொழிலால் அவை வேறுபட்டவை. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருளை ஆக்க வல்லவை பி உயிரணுக்கள் மட்டுமே. உருவால் பிரித்தறிய இயலாத இவற்றை மருத்துவ உலகம் எங்ஙனம் இனங்கண்டது என்பதைக் காண்போம்.

வழிகாட்டியது கோழி. பறவைகளின் குடற்கடையில் உள்ள சிறு பையைப் பற்றி இத்தாலிய அறிஞர் ஃபப்ரீசியஸ் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1621இல் வெளிவந்தது. அப்பையின் பயன் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் விளங்கவில்லை. 1956இல் அமெரிக்கரான புரூஸ் கிளிக்கும் அவர் தோழர்களும், அப்பை நீக்கப்பட்ட கோழிகள் எதிர்ப்பொருளை உண்டாக்கமாட்டா எனக் காட்டினர். கோழி வளர்ப்பு இதழொன்றில் வெளிவந்த அக்கட்டுரை மருத்துவர்தம் கண்ணில் படச் சில ஆண்டுகள் சென்றன. ‘பர்ஸா’ என்னும் அப்பையின் பெயரே பி என்ற எழுத்துக்கு மூலம். மனிதருக்கு அப்பை இல்லை. எலும்பு மஜ்ஜையே அவ்வேலையைச் செய்கிறது.

இனி, கருவி வேண்டுமன்றோ? 1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருளை ஆக்கும் சுண்டெலி உயிரணுவைப் புற்றணுவோடு இணைத்து, ஒரேவகை எதிர்ப்பொருளை இடையறாது பெறும் முறையைக் கண்டனர். 1984இல் நோபல் பரிசு அவர்களை நாடி வந்தது.

அம்முறையைக் கொண்டு 1980இல் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர், பி உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளை வெளியிட்டனர். அவர்கள் பி-1 என்றழைத்த அப்புரதம், பின்னர் உலகப் பொதுப்பெயரிட்டு முறையில் சி.டி.20 ஆயிற்று. ஒளிரும் சாயமேற்றிய எதிர்ப்பொருளைச் சேர்த்தால், அப்புரதம் தாங்கிய அணுக்கள் மட்டும் சுடர்விடும். நிணநீர்ப் புற்று எவ்வகையது என அறிய இச்சுடர் துணைசெய்கிறது.

அடையாளமே பின்னர் இலக்குமாயிற்று. சி.டி.20ஐத் தாக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்துக்கு 1997இல் அமெரிக்கா இசைவளித்தது. அது நலமுள்ள பி உயிரணுக்களையும் அழிக்கும்; ஆயினும் மஜ்ஜையிலுள்ள மூல அணுக்களில் அவ்வடையாளம் இல்லாமையால், அவை தப்பி, புதிய அணுக்களைப் பிறப்பிக்கும். 2007இல் ஹைதராபாத் நிறுவனமொன்று நம் நாட்டிலேயே அம்மருந்துக்கு இணையானதைச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்தது.

ஆய்வறிக்கையில் ‘சி.டி.20 உண்டு’ என்பது சிறு வரிதான். ஆனால் எந்த மருந்து பொருந்தும் என்று மருத்துவருக்கு அது வழி சொல்கிறது. பயனற்றதென நெடுநாள் கருதப்பட்ட ஒரு கோழிப்பை, அவ்வரிக்குத் தோற்றுவாய் என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.