ஹோலா முகாமும் இருவகை நீதியும்

மனித உரிமைகள் பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கையை முதன்முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு பிரித்தானியா, ஆண்டு 1951. மறு ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் நாள், கென்யாவின் தேசாதிபதி ஈவ்லின் பேரிங் அங்கு அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தார். வெள்ளைக் குடியேறிகளிடம் நிலத்தை இழந்த கிக்குயு மக்களிடையே தோன்றிய மௌ மௌ இயக்கத்தை ஒடுக்குவதே நோக்கம்.

அவ்வியக்கத்தார் கொடுமை செய்யவில்லை என்று எவருஞ் சொல்லார். 1953 மார்ச்சு 26 ஆம் நாளிரவு, லாரி என்னும் இடத்தில், அரசாங்கத்துக்குத் துணைநின்ற கிக்குயுக் குடும்பங்களைப் பெண்கள், குழந்தைகள் என்றும் பாராது வெட்டியும் எரித்துங் கொன்றனர். அதற்குப் பழிவாங்கப் புறப்பட்ட காவற்படையினரும் அவ்விடத்திலேயே பலரைக் கொன்று குவித்தனர். முதற் கொலைகளின் படங்களை அரசாங்கம் உலகெங்கும் பரப்பிற்று. இரண்டாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முன்னையது பயங்கரவாதம், பின்னையதற்குப் பெயரே இல்லை!

தூக்கிலிடப்பட்டோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். உடன்படிக்கை 1953 இல் கென்யாவுக்கும் ஏற்புடையதாக்கப்பட்டது. அவசரகாலத்தைக் காட்டி, விசாரணையின்றித் தடுத்துவைப்பதற்கு விலக்குப் பெறலாம். சித்திரவதைக்கு எக்காலத்தும் விலக்கில்லை. இதனைக் கென்யாவின் சட்டமா அதிபர் நன்கு அறிந்திருந்தார். பாவஞ் செய்வதாயின் ஓசையின்றிச் செய்தல் வேண்டும் என்று 1957 இல் அவர் தேசாதிபதிக்கு எழுதினார். சட்டத்தைக் காக்க வேண்டியவரின் அறிவுரை இது.

1959 மார்ச்சு 3 ஆம் நாள், ஹோலா முகாமில், வேலைசெய்ய மறுத்த கைதிகளைக் காவலர் தடிகளால் அடித்தனர். பதினொருவர் மாண்டனர். வண்டியிற் கொணர்ந்த நீரைக் குடித்தபின் இறந்தனர் என்றது முதல் அறிக்கை. பிரேத பரிசோதனை அப்பொய்யை உடைத்தது. எனினும், அக்கொலைகளுக்காக ஒருவரேனும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

யூலை மாதம் இவ்விடயம் பாராளுமன்றத்தில் நள்ளிரவு கடந்தும் விவாதிக்கப்பட்டது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஈனொக் பவலே தம் அரசாங்கத்தைக் கடிந்துரைத்தார். ஆபிரிக்காவில் ஓர் அளவுகோல், ஆசியாவில் ஓர் அளவுகோல், தாயகத்தில் வேறோர் அளவுகோல் என்று வைத்திருக்க இயலாது என்பதே அவர் வாதத்தின் சாரம். குடிவரவு பற்றிய பேச்சினால் 1968 இல் பெரும் பழிக்கு ஆளானவரும் இவரே.

1963 இல் கென்யா விடுதலை பெற்றவேளை, முகாம்கள் பற்றிய கோப்புகள் பல இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவை 2011 இலேயே வெளிப்பட்டன. பொறுப்பு யாவும் சுதந்திர கென்யாவையே சேர்ந்தது என்ற பிரித்தானியாவின் வாதம் நீதிமன்றில் எடுபடவில்லை. 2013 யூன் 6 ஆம் நாள், வெளிநாட்டமைச்சர் வில்லியம் ஹேக் வருத்தந் தெரிவித்தார். 5,228 பேருக்கு 199 இலட்சம் பவுண் வழங்க இணங்கினார். சட்டப் பொறுப்பை மட்டும் ஏற்றாரல்லர்.

வழக்கு ஏன் இத்துணைக் காலம் தாழ்ந்தது? கோப்புகள் மறைந்திருந்தமை ஒரு காரணம். மற்றதைக் கென்யாவிலேயே காணலாம். குடியேற்ற ஆட்சி மௌ மௌ இயக்கத்துக்கு 1950 இல் விதித்த தடையைச் சுதந்திர அரசாங்கங்களும் நீக்கவில்லை. அது நீங்கிய ஆண்டு 2003.