ஆவடியின் இரு டாங்கிகள்

ஆவடி என்றதும் 1955 ஜனவரியில் அங்கு கூடிய காங்கிரஸ் மாநாடும் அதன் சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானமும் நமக்கு நினைவுக்கு வரும். திட்டமிட்டால் எதுவும் கைகூடும் என்று தேசம் நம்பிய காலம் அது. அந்நம்பிக்கையை உரைத்துப் பார்க்க, பின்னாளில் அதே ஊரில் உருவான இரண்டு டாங்கிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது விஜயந்தா. 1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது. வடிவமைப்பு விக்கர்ஸுடையது, தொடக்கத்தில் பாகங்கள் பலவும் கப்பலேறி வந்தவையே. செய்யவேண்டியது இன்னதென முன்பே தெரிந்திருந்த வேலை அது.

இரண்டாவது, ஆவடி ஆராய்ச்சி நிலையத்தில் வடிவம் பெற்ற அர்ஜுன். 1974இல் 15.5 கோடி ரூபாயில் அனுமதி பெற்று, பத்தாண்டில் முடிப்பதாகத் தொடங்கினார்கள். 1995இல் அத்திட்டம் முடிக்கப்பட்டபோது செலவு 300 கோடியைத் தாண்டியிருந்தது. முதல் ஐந்து வண்டிகள் ராணுவத்திடம் சேர்ந்தது 2004இல்.

திட்ட மேலாண்மைக் கருவிகள் அன்று இல்லாமலில்லை. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக 1958இல் வகுத்த 'பெர்ட்' முறை உலகெங்கும் பரவியிருந்தது. ஒவ்வொரு பணிக்கும் குறைந்தபட்சம், பெரும்பாலும், அதிகபட்சம் என மூன்று கால மதிப்பீடுகள். அவற்றை வலையாகப் பின்னினால், எந்தத் தொடரில் ஒருநாள் பிந்தினால் மொத்த வேலையும் ஒருநாள் பிந்துமோ அந்தப் பாதை தெரியும். ஆனால், போலாரிஸில்கூட இம்முறை வேலையை நடத்தியதைவிட வெளியார் தலையீட்டைத் தடுக்கும் கேடயமாகவே அதிகம் பயன்பட்டது என ஆய்வாளர் ஹார்வி சபோல்ஸ்கி 1972இல் எழுதினார்.

அர்ஜுனில் அந்த நெருக்கடிப் பாதை எஞ்சின் வழியே சென்றது. உள்நாட்டில் 1500 குதிரைத்திறன் எஞ்சின் செய்ய முயன்றார்கள். அது கைகூடாமல், மாற்று ஏற்பாடாக வந்த ஜெர்மானிய எம்.டி.யு. எஞ்சினே நிலைத்துவிட்டது. இதற்கிடையே ராணுவத்தின் தேவைகளும் மாறின. எடை 58 டன்னைக் கடந்தது. இலக்கு நகர்ந்துகொண்டிருக்கையில் எந்த வரைபடம் நாள் குறிக்கும்?

ஆயினும் இதை வெறும் தோல்விக் கதையாக நாம் வாசிக்கவேண்டியதில்லை. 2010 ஒப்பீட்டுச் சோதனையில் ரஷ்ய டி-90க்கு ஈடுகொடுத்து நின்றது அர்ஜுன். 2021இல் 118 புதிய வண்டிகளுக்கு ஆணை வந்தது. விஜயந்தா நான்காண்டில் கிடைத்தது, பிறர் கற்றதை நாம் வாங்கியதால். அர்ஜுனின் முப்பதாண்டு, நாமே கற்றதற்கான விலை. 1974இல் அந்தப் பத்தாண்டுக் கணக்கைப் போட்டவர்கள், கற்பதற்கு ஆகும் காலத்தை அதில் சேர்க்க மறந்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.